விலாவின் அடியில் மூன்று இழைகள்: மார்புச் சுவரின் உடற்கூறும் 'நரம்பு' என்னும் சொல்லும்

முன்னுரை

மார்பைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. மார்பு, ஆகம், அகலம், உரம், மருமம் என நிகண்டுகளும் அகராதிகளும் அடுக்கிச் செல்லும். உள்ளே உறைவதாகக் கருதப்பட்ட மனத்துக்கும் நெஞ்சு என்றே பெயர். ஆயினும், வெளியே தோன்றும் மார்புக்கும் உள்ளே இயங்கும் இதயத்துக்கும் இடையில் ஒரு சுவர் இருக்கிறது. எலும்பும் தசையும் குருதிக்குழாயும் நரம்பும் கொண்டு அமைந்த அச்சுவரைப் பற்றிப் பேசும்போது நம் வழக்குமொழி சற்றுத் தடுமாறக் காண்கிறோம். குருதியை இதயத்திலிருந்து கொண்டுசெல்லும் குழாய், இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய், உணர்வைக் கடத்தும் இழை ஆகிய மூன்றையும் பேச்சுத்தமிழ் 'நரம்பு' என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறது. மார்புச் சுவரிலோ அம்மூன்றும் ஒரே பள்ளத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாகச் செல்கின்றன. சொல் மயங்கும் இடமும் பொருள்கள் நெருங்கும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன எனலாம்.

இச்சுவரின் அமைப்பைத் தமிழில் விளக்குவதும், அதனைக் குறிக்கத் தோன்றிய கலைச்சொற்கள் இரு வேறு கிளைகளாகப் பிரிந்த வரலாற்றைச் சுட்டுவதும், பினாங்கு போன்ற பன்மொழிச் சூழலில் ஒரு தமிழ் நோயாளியின் 'நரம்பு' மருத்துவரின் செவிக்கு எவ்வாறு சென்று சேர்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். பினாங்கில் இன்று 28 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பு உயர்வதையும் வெளிவிடும்போது தாழ்வதையும் அங்குள்ள மாணவர் தமிழிலேயே முதலில் கற்கின்றனர். எனவே இது மருத்துவருக்கு மட்டும் உரிய பொருளன்று.

சுவரின் அமைப்பு

மார்புக்கூட்டின் பின்புறத்தில் 12 மார்பு முள்ளெலும்புகளும், முன்புறத்தில் மார்பெலும்பும், இரு பக்கங்களிலும் 12 இணை விலாவெலும்புகளும் உள்ளன. முதல் 7 இணைகள் தத்தம் குருத்தெலும்பால் நேரே மார்பெலும்பைச் சேர்கின்றன. அடுத்த 3 இணைகள் மேலுள்ள விலாவின் குருத்தெலும்போடு இணைகின்றன. கடைசி 2 இணைகள் முன்புறத்தில் எதனையும் பற்றாமல் நிற்பவை. அவற்றை மிதக்கும் விலாக்கள் என்பர். இரண்டு விலாக்களுக்கு இடையே உள்ள வெளியை விலாவிடைவெளி என்கிறோம். அவ்வாறு பக்கத்துக்கு 11 வெளிகள் உள்ளன.

விலாக்களை எண்ணுவதற்கு எலும்புக்கூட்டுப் படம் தேவையில்லை. கழுத்தின் அடியில், மார்பெலும்பின் உச்சியில் ஒரு குழி தட்டுப்படும். அங்கிருந்து விரலைக் கீழே இறக்கினால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில் குறுக்கே ஒரு மேடு தெரியும். அம்மேட்டோடு பக்கவாட்டில் இணைவது இரண்டாம் விலா. அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே எண்ணலாம். முதல் விலா காறையெலும்பின் மறைவில் இருப்பதால் அது விரலுக்கு எளிதில் அகப்படாது. மருத்துவர் மார்பில் விரல் வைத்து எண்ணும் முறையும் இதுவே.

இச்சுவரை வெளியிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காகப் பார்க்கலாம். முதலில் தோல், அதன் அடியில் கொழுப்பும் தளர்ந்த இழைமங்களும் கொண்ட படலம், அதன் அடியில் தோளையும் கையையும் இயக்கும் பெருந்தசைகள், அதற்கும் உள்ளே விலாக்களும் விலாவிடைத் தசைகளும், கடைசியாக நுரையீரலுறை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்போரின் மார்பிலும் முதுகிலும் கோக்கப்படும் கொக்கிகளும் சிறு வேல்களும் இவ்வடுக்குகளுள் முதலிரண்டில் மட்டுமே நிற்கின்றன. தோல் விரலால் மடித்துத் தூக்கக்கூடியது. அந்த மடிப்பினூடே கொக்கி செல்கிறது. நாம் பேசப்போகும் முதன்மையான குருதிக்குழாய்களும் நரம்பும் அதற்கு மிகவும் உள்ளே, விலாக்களின் காவலில் இருக்கின்றன. பக்தியின் பொருளை உடற்கூறு அளக்க இயலாது. கொக்கி எந்த அடுக்கில் நிற்கிறது என்பதை மட்டும் அது சொல்லும்.

பெருந்தசைகளுள் மார்புப் பெருந்தசை விசிறி போன்றது. காறையெலும்பிலும் மார்பெலும்பிலும் மேல்விலாக்களின் குருத்தெலும்பிலும் தொடங்கிக் குவிந்து மேற்கை எலும்பைச் சேர்கிறது. அதன் மறைவில் மார்புச் சிறுதசை உள்ளது. பக்கவாட்டில், விலாக்களின்மேல் இரம்பப் பற்களைப் போல் வரிசையாகத் தொடங்கித் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பைச் சேர்வது முன் இரம்பத்தசை. இதற்கு வரும் நீள்மார்பு நரம்பு ஒரு விந்தையான வழியைக் கொண்டது. பெரும்பாலான நரம்புகள் தசையின் உட்புறத்தில் மறைந்து செல்ல, இது தசையின் வெளிப்பரப்பின்மீதே காப்பின்றி இறங்குகிறது. மார்பகப் புற்றுக்காக அக்குளில் அறுவை செய்யும்போது இந்நரம்பு அறுபட்டால், சுவரைக் கையால் தள்ளும்போது தோள்பட்டை எலும்பு சிறகுபோல் பின்னே புடைத்து நிற்கும். கையைத் தலைக்குமேல் உயர்த்தித் தலைவாருவதும் கடினமாகும்.

மூன்றடுக்குத் தசையும் மூச்சும்

விலாவிடைவெளி ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்குத் தசைகள் உள்ளன. புறவிலாவிடைத் தசையின் இழைகள் மேல்விலாவிலிருந்து கீழ்நோக்கியும் முன்நோக்கியும் சாய்ந்து செல்கின்றன. காற்சட்டையின் முன்பக்கப் பைகளுக்குள் கைகளை விடும்போது விரல்கள் சாயும் திசை அது. அதன் உள்ளே அகவிலாவிடைத் தசை. அதன் இழைகள் எதிர்த்திசையில், கீழ்நோக்கியும் பின்நோக்கியும் செல்கின்றன. மூன்றாவது மெல்லிய உள்ளடுக்கு. அது விட்டுவிட்டு அமைந்தது. ஓலைப்பெட்டி முடைபவர் ஓலைகளைக் குறுக்கும் மறுக்குமாகப் பின்னுவதால் மெல்லிய ஓலையும் வலிமை பெறுகிறது. இத்தசைகளின் எதிர்ச்சாய்வும் அத்தகைய பயனையே தருகிறது. மூச்சிழுக்கும்போது இடைவெளிகள் உள்ளே குழிந்துவிடாமலும், இருமும்போது வெளியே பிதுங்கிவிடாமலும் அவை காக்கின்றன.

அமைதியான மூச்சில் பெரும்பணியைச் செய்வது உதரவிதானமே. புறவிலாவிடைத் தசைகள் விலாக்களை உயர்த்தி அதற்குத் துணைசெய்கின்றன. மேல்விலாக்கள் உயரும்போது மார்பெலும்பு அடிகுழாயின் கைப்பிடிபோல் முன்னே எழுகிறது. கீழ்விலாக்கள் வாளியின் வளைபிடிபோல் பக்கவாட்டில் எழுகின்றன. இவ்விரு அசைவுகளால் மார்புக்கூடு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் விரிகிறது. 'மூச்சு இழுப்பதால் மார்பு விரிகிறது' என்று மாணவர் எழுதுவது வழக்கம். உண்மை அதற்கு நேர்மாறானது. மார்பு விரிவதால்தான் காற்று உள்ளே வருகிறது. இந்த ஒரு காரணகாரியத் தொடர் தெளிவானால், விலா முறிந்தவர் ஏன் மேலோட்டமாக மூச்சுவிடுகிறார் என்பதும் தெளிவாகும்.

விலாவின் பள்ளம்

ஒவ்வொரு விலாவின் உட்புறத்திலும், கீழ்விளிம்பை ஒட்டி ஒரு நீண்ட பள்ளம் உண்டு. நம் பொருளின் நடுநாயகம் அதுவே. அப்பள்ளத்தில், அகவிலாவிடைத் தசைக்கும் உள்ளடுக்குத் தசைக்கும் இடையில், மூன்று இழைகள் செல்கின்றன. மேலே சிரை, நடுவில் தமனி, அடியில் நரம்பு. சிரையும் தமனியும் பள்ளத்தில் ஓரளவு ஒதுங்கிக் காப்புப் பெறுகின்றன. நரம்பு அடியில் இருப்பதால் பெரும்பாலும் விளிம்புக்கு வெளியே தெரியும்படி அமைகிறது.

ஆங்கிலவழியில் பயில்வோர் இவ்வரிசையை மூன்று முதலெழுத்துகளைக் கோத்து மனனம் செய்வர். தமிழுக்கு அது தேவையில்லை. சிரை, தமனி, நரம்பு என்னும் சொற்களை அகரவரிசையில் வைத்தால் சகரம், தகரம், நகரம் என அதே வரிசை கிடைக்கிறது. அகராதியில் முதலில் வருவது பள்ளத்திலும் மேலே இருக்கிறது. இது தற்செயலே; எனினும் ஆசிரியருக்குக் கிடைத்த நல்லதொரு தற்செயல்.

பள்ளம் கீழ்விளிம்பில் இருப்பதன் பயன் மருத்துவமனையில் விளங்கும். காசநோய் முதலியவற்றால் நுரையீரலுறையில் நீர் கோத்துக்கொண்டால், விலாவிடைவெளியின் வழியே ஊசி செலுத்தி அந்நீரை வெளியேற்றுவர். அப்போது ஊசி மேல்விலாவின் கீழ்விளிம்பை ஒட்டிச் சென்றால் தமனி கிழிந்து குருதி பெருகலாம். ஆகவே கீழ்விலாவின் மேல்விளிம்பை ஒட்டியே ஊசியைச் செலுத்துவர். அங்கும் சிறு கிளைகள் உண்டு. ஆனால் முதன்மையான மூவரும் அங்கில்லை. சற்றுப் பெரிய குழாயைப் பொருத்த வேண்டின், மார்புப் பெருந்தசைக்கும் அகல்முதுகுத் தசைக்கும் இடையில், அக்குளின் கீழ், தசை மெலிந்திருக்கும் முக்கோணப் பகுதியைத் தேர்வர்.

விலாவிடைத் தமனிகளின் ஓட்டம் தனியே நோக்கத்தக்கது. பின்புறத்தில் 3 முதல் 11 வரையுள்ள வெளிகளுக்குப் பெருந்தமனியே நேராகக் கிளைகளைத் தருகிறது. முன்புறத்தில், மார்பெலும்பின் இரு பக்கங்களிலும் அதனை ஒட்டி இறங்கும் உள்மார்புத் தமனியும் அதன் தொடர்ச்சியும் கிளைகளைத் தருகின்றன. முன்னும் பின்னுமாக வரும் கிளைகள் வெளிகளில் ஒன்றோடொன்று இணைகின்றன. இதனால் ஒரு பக்கம் அடைபட்டாலும் மறுபக்கத்திலிருந்து குருதி வரும். இதய அறுவையில் இடப்பக்க உள்மார்புத் தமனியை அதன் படுக்கையிலிருந்து பிரித்து, அடைபட்ட இதயத்தமனிக்கு மாற்றுவழியாகப் பொருத்துவது உலகெங்கும் வழக்கில் உள்ளது. சுவருக்குரிய குழாயை இதயத்துக்குக் கொடுத்த பின்னும் சுவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வதற்கு இந்த இணைப்பே காரணம். சிலருக்குப் பிறவியிலேயே பெருந்தமனி ஓரிடத்தில் இறுகியிருக்கும். அப்போது குருதி உள்மார்புத் தமனி வழியே முன்புறம் இறங்கி, விலாவிடைத் தமனிகளில் எதிர்த்திசையில் ஓடி, இறுக்கத்துக்குக் கீழே சேர்கிறது. வழக்கத்துக்கு மேல் தடித்துத் துடிக்கும் அத்தமனிகள் ஆண்டுக்கணக்கில் விலாவின் கீழ்விளிம்பை அரிக்கின்றன. எக்ஸ்ரே படத்தில் அவ்விளிம்பு கடித்த பிஸ்கட்டைப்போல் தெரியும். தமனி எங்கே செல்கிறது என்பதற்கு எலும்பே தரும் சான்று அது.

'நரம்பு' என்னும் சொல்

இனிச் சொல்லுக்கு வருவோம். தமிழில் நரம்பு என்பது தொன்மையான சொல். யாழில் கட்டிய தந்தியும் நரம்பு. அதிலெழும் இசைச்சுரமும் நரம்பு. தசையை எலும்போடு பிணைக்கும் நாணும் நரம்பு. தோலுக்கடியில் நீலமாகத் தெரியும் குழாயும் நரம்பு. 'நரம்பில் ஊசி போட்டார்கள்' என்றால் சிரை. 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்றால் காலில் புடைத்த சிரை. 'நரம்புத் தளர்ச்சி' என்றால் உணர்வைக் கடத்தும் இழையின் நோய். நீண்டு, மெலிந்து, இழுத்துக் கட்டியதுபோல் தோன்றும் எதனையும் மக்கள் அச்சொல்லால் குறித்தனர். இது அறியாமையின் விளைவன்று. தோற்றத்தை அடிப்படையாகக் கொண்டு பெயரிடும் முறையின் விளைவு.

பிறமொழிகளிலும் இதுவே நடந்துள்ளது. ஆங்கில மருத்துவச் சொல்லாகிய 'நியூரான்' கிரேக்கத்தில் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையுமே குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எரோபிலசும் எராசிசுதிராட்டசும் பிணங்களை அறுத்துப் பார்த்த பின்னரே உணர்வு நரம்பு தனிப்பொருளாகப் பிரிந்தது. தமனியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் முதலில் மூச்சுக்குழாயைச் சுட்டியது. தமனியில் காற்று ஓடுவதாக அவர்கள் எண்ணினர். வடமொழியில் தமனி என்பதும் 'ஊதுதல்' என்னும் பொருள்கொண்ட வேரிலிருந்து பிறந்தது என்பது இங்கு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. மலாயில் 'உராட்' என்பது சிரையையும் தசைநாணையும் ஒருங்கே குறிக்கும். நரம்பை 'உராட் சாராஃப்' என்றும், சுருக்கமாகச் 'சாராஃப்' என்றும் பிரித்தனர். சீனத்திலும் புடைத்துத் தெரியும் சிரையை 'நீல நாண்' என்னும் பொருள்படவே வழங்குவர். ஆக ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் ஒலிக்கும் மொழிகள் பலவும் இவ்விடயத்தில் ஒரே இயல்பைக் கொண்டுள்ளன.

மானிப்பாயும் சென்னையும்

இம்மயக்கத்தைப் பாடநூலளவில் தீர்க்க முயன்றவர்களுள் முன்னோடி யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். 1822இல் மசாசூசெட்சு மாநிலத்தில் பிறந்த அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர் முழுவதும் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் கற்றவர் அரசுப்பணி நாடி வெளியூர் சென்றுவிடுவர், தமிழில் கற்றவரே ஊரிலிருந்து ஊராருக்கு மருத்துவம் பார்ப்பர் என்பது அவர் எண்ணம். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் இலண்டனில் வெளிவந்தது 1858இல். அதன் தமிழ் வடிவம் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் 1872இல் வெளிவந்தது. இடைப்பட்டவை 14 ஆண்டுகளே. மூலநூலின் படங்களை வரைந்த என்றி வேண்டைக் கார்ட்டரும் 1858இலேயே பம்பாய்க்கு வந்து, அங்கு நெடுங்காலம் பணிபுரிந்தார் என்பதையும் நினைவிற்கொள்ளலாம்.

கிறீன் நூல்களின் பெயர்களே அவரது சொல்லாக்க நெறியைக் காட்டிவிடுகின்றன. 'இரண வைத்தியம்' மக்கள் அறிந்த சொற்களால் ஆனது; 'மனுஷ சுகரணம்' வடமொழிவழிப்பட்டது; 'கெமிஸ்தம்' ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைவித்தது. வேண்டிய இடத்தில் வேண்டிய கருவியை எடுத்துக்கொண்ட தாராளம் அது. பின்வந்த தூய்மை நோக்கினர் அதைக் குறையாகக் கருதினர். வகுப்பறையில் மறுநாள் பாடம் நடத்த வேண்டியவருக்கு வேறு வழியிருந்திருக்குமா என்பது எண்ணத்தக்கது.

20ஆம் நூற்றாண்டில் இலங்கையும் தமிழ்நாடும் தனித்தனியே கலைச்சொற்களை வகுத்துக்கொண்டன. 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சியில் ஈழத்தவரான விபுலாநந்த அடிகள் முதன்மையான பங்கு கொண்டார். யாழ் நரம்புகளை ஆராய்ந்து 1947இல் 'யாழ்நூல்' தந்த அவரே அறிவியற் சொற்களிலும் ஈடுபட்டது நம் பொருளுக்கு ஒரு சுவையான இயைபு. அத்தகைய பாலங்கள் இருந்தும் இரு வழக்குகள் நிலைத்துவிட்டன. தமிழ்நாட்டுப் பாடநூலில் தமனி, சிரை. இலங்கைப் பாடநூலில் நாடி, நாளம். அங்கே விலாவெலும்பு, இங்கே பழுவென்பு. அங்கே உதரவிதானம், இங்கே பிரிமென்றகடு. அங்கே நுரையீரல், இங்கே சுவாசப்பை. நரம்பு மட்டும் இரு வழக்கிலும் நரம்பாகவே நின்று, உணர்வு நரம்பு என்னும் ஒரே பொருளுக்கு ஒடுங்கியது.

இலங்கைச் சொற்களால் பள்ளத்தின் வரிசையைச் சொன்னால் நாளம், நாடி, நரம்பு என்றாகும். மூன்றும் நகரத்தில் தொடங்குவதால் முதலெழுத்து உதவாது. ஆனால் அகராதியில் அவை நரம்பு, நாடி, நாளம் என்றே வரும். அதாவது கீழிருந்து மேலாக. தமிழ்நாட்டு வழக்கு மேலிருந்து எண்ண, ஈழத்து வழக்கு கீழிருந்து எண்ணுகிறது.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கையே பின்பற்றுகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசுப்பணியிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றிய குடும்பங்களின் வழக்கு இல்லங்களோடு நின்றது. 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்ட காலத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பலர் இச்சொற்களைப் புழங்கும் வாய்ப்பையே இழந்தனர். 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவெடுத்து, 2012 முதல் படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பியபோது, சொற்கள் பாடநூலில் இருந்தன, நாவில் இல்லை. தமனி, சிரை என்னும் இணையையே வகுப்பறையில் உறுதிப்படுத்துவது தக்கது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. நாடி என்பது நம்மவரிடையே நாடித்துடிப்பு, நாடி பார்த்தல், நாடிச் சோதிடம் எனப் பல பொருள்களில் ஏற்கெனவே சுமை தாங்கி நிற்கிறது. எனினும், இணையவழியில் ஈழத்துப் பாடநூல்களையும் எடுத்தாளும் ஆசிரியர், இரு வழக்கையும் அருகருகே தருவது நன்று.

அக்கி வரையும் படம்

விலாவிடை நரம்பின் பாதையைக் கற்பிக்க எந்தப் படமும் அக்கி நோய்க்கு நிகராகாது. இளமையில் சின்னம்மை கண்டவரின் உடலில் அந்நோயின் நுண்மி முற்றாக அழிவதில்லை. முதுகெலும்பை அடுத்துள்ள நரம்பு முடிச்சுகளில் அது ஆண்டுக்கணக்கில் உறங்குகிறது. முதுமையிலோ உடல் நலிந்த காலத்திலோ விழித்தெழுந்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்கிக் கொப்புளங்களை எழுப்புகிறது. அவை முதுகில் தொடங்கி, விலாவின் சாய்வைப் பின்பற்றி, பக்கவாட்டில் வளைந்து, மார்பின் நடுக்கோட்டில் நின்றுவிடுகின்றன. ஒரு பட்டையின் அகலம் ஒரு நரம்பின் ஆட்சிப் பரப்பு. நான்காம் மார்பு நரம்பின் பட்டை முலைக்காம்பின் மட்டத்திலும், பத்தாவதன் பட்டை கொப்பூழின் மட்டத்திலும் அமையும்.

கிரேக்கர் இதன் வடிவைக் கண்டு 'இடைவார்' என்று பெயரிட்டனர். தமிழர் இதன் எரிச்சலைக் கண்டு, நெருப்பைக் குறிக்கும் அக்கினியின் திரிபாகிய அக்கி என்றனர். மலாயில் 'காயாப்'. சீனர் இதனைப் பாம்பு என்பர். பாம்பின் தலையும் வாலும் உடலைச் சுற்றிவந்து சந்தித்தால் உயிர் போய்விடும் என்னும் அச்சம் அவர்களிடையே உண்டு. நம்மவரிடையிலும் அவ்வச்சம் இல்லாமலில்லை. உடற்கூறு இதற்கு விடை தருகிறது. வலப்பக்க நரம்பு வலப்பக்கத்தோடும் இடப்பக்க நரம்பு இடப்பக்கத்தோடும் நின்றுவிடுவதால், அக்கி நடுக்கோட்டைத் தாண்டிச் சுற்றிவருவது பெரும்பாலும் நிகழ்வதில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் குயவர் செங்காவியால் அக்கி எழுதும் வழக்கம் இருந்தது. காவி குளிர்ச்சி தரலாம், நுண்மியைத் தடுக்காது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் நுண்மியெதிர் மருந்து தொடங்கினால் பயன் மிகுதி. பிந்தினால், கொப்புளம் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நரம்பு வலி நிலைத்துவிடக்கூடும்; முதியோருக்கு அது பெருந்துன்பம்.

கொப்புளம் எழுவதற்குச் சில நாள்கள் முன்பே வலி தொடங்குவதும் உண்டு. அந்நாள்களில் அது வெறும் நெஞ்சுவலியாகவே தோன்றும். அதுபோலவே 7 முதல் 11 வரையுள்ள விலாவிடை நரம்புகள் மார்புச் சுவரோடு நில்லாமல் வயிற்றுச் சுவருக்கும் செல்கின்றன. ஆதலால் நுரையீரலின் அடிப்பகுதியில் சளிக்காய்ச்சல் கண்ட குழந்தை, மார்பைத் தொடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். 'வயிறு வலிக்கிறது' என்னும் மாணவனை விரைந்து மூச்சு விடுகிறானா என்றும் பார்ப்பது ஆசிரியர்க்கு நல்லது.

நோயாளியின் சொல்லும் மருத்துவரின் சொல்லும்

ஜார்ஜ்டவுனில் மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. 1996இல் தொடங்கிய பினாங்கு மருத்துவக் கல்லூரி, 2018 முதல் அயர்லாந்தின் இரு பல்கலைக்கழகங்களின் மலேசிய வளாகமாகப் பெயர்பெற்று விளங்குகிறது. அதன் மாணவர் டப்ளினில் தொடக்க ஆண்டுகளைக் கற்றுப் பின் இங்கு வந்து நோயாளிகளைச் சந்திக்கின்றனர். அவர்கள் முன் அமரும் தமிழ் மூதாட்டி 'ஐயா, நெஞ்சுல நரம்பு இழுக்குது' என்கிறார். அருகிலிருப்பவர் அதனைச் 'சாராஃப்' என்று மலாயில் பெயர்த்தால் மருத்துவர் நரம்பு நோயை நினைப்பார். 'உராட்' என்றால் தசைப்பிடிப்பை நினைப்பார். இரண்டும் பிழையாக இருந்து, இதயத்தமனி அடைபட்டிருக்கவும் கூடும்.

பெயர்ச்சொல்லில் இத்துணை மயக்கம் கொண்ட நம் பேச்சு, வினைச்சொல்லில் வியக்கத்தக்க தெளிவுடன் இருக்கிறது. நரம்பு துடிக்கிறது என்றால் பெரும்பாலும் தமனி. நரம்பு புடைக்கிறது என்றால் சிரை. நரம்பு சுண்டுகிறது, மரத்துப்போகிறது, எரிகிறது என்றால் உணர்வு நரம்பு. நரம்பு பிசகிவிட்டது, பிடித்துக்கொண்டது என்றால் தசையோ தசைநாணோ. 'மூச்சுப்பிடிப்பு' என்னும் சொல்லைக் கருதுக. மூச்சிழுக்கும்போது விலாவிடைத் தசையில் குத்தும் வலியை, இடத்தையும் காலத்தையும் ஒருங்கே காட்டி, ஒரே தொகையில் அச்சொல் சொல்லிவிடுகிறது. மொழிபெயர்ப்பவர் நரம்பு என்னும் பெயரை விடுத்து, நோயாளி பயன்படுத்திய வினையை மாறாமல் கொண்டுசேர்த்தால் போதும். மருத்துவருக்கு வேண்டியது பெரும்பாலும் அதில் இருக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மார்புச் சுவரின் வலி பெரும்பாலும் கூர்மையாக, விரலால் சுட்டிக்காட்டத்தக்கதாக, மூச்சிலும் அசைவிலும் மிகுவதாக இருக்கும். இதயத்தின் வலி பெரும்பாலும் அழுத்துவதுபோல், பாரம் வைத்ததுபோல், இடம் சுட்ட இயலாததாக, இடக்கைக்கோ தாடைக்கோ பரவுவதாக இருக்கும். ஆனால் நீரிழிவு உள்ளவர்களிடமும் முதியோரிடமும் பெண்களிடமும் இவ்வரையறை தவறக்கூடும். வாயு என்றும் மூச்சுப்பிடிப்பு என்றும் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருப்பது ஆபத்து. வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றோடு நெஞ்சு அழுத்தினால் மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

இதய வலி கைக்குப் பரவுவதும் இச்சுவரின் அமைப்போடு தொடர்புடையது. இதயத்திலிருந்து வலியைக் கொண்டுவரும் இழைகள் முதுகுத்தண்டில் நுழையும் மட்டங்களிலேயே மேல்மார்பு நரம்புகளும் நுழைகின்றன. மூளைக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரிவதில்லை. அவற்றுள் இரண்டாம் விலாவிடை நரம்பு, அக்குளைக் கடந்து மேற்கையின் உட்புறத் தோலுக்கு ஒரு கிளையை அனுப்புகிறது. நெஞ்சின் வலி கையின் உட்புறத்தில் உணரப்படுவதில் இதற்கும் பங்குண்டு. மார்பக அறுவையின்போது அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றுகையில் இக்கிளை அறுபடுவது அரிதன்று. ஆதலின், அறுவை முடிந்து வீடு திரும்பிய பெண் 'கை நரம்பு மரத்துப்போச்சு' என்று சொன்னால், அது பக்கவாதத்தின் தொடக்கமோ என்று குடும்பத்தார் கலங்குகின்றனர். கை வலுவிழக்கவில்லை, உட்புறத் தோல் மட்டுமே மரத்துள்ளது என்பதைக் கேட்டறிந்து, அது அக்கிளை அறுபட்டதன் விளைவாகலாம் என்று மருத்துவரோ தாதியோ தமிழில் ஓரிரு சொற்களில் விளக்கினால் அவ்வச்சம் அன்றே தணியும்.